கைமாறிய தொலைகாட்டி

வானியலின் வரலாற்றைக் கூறப் புகுவோர் புதுமை கண்ட அறிஞர்தம் பெயர்களை வரிசைப்படுத்துவர். அவர் காண்பதற்குத் துணைநின்ற கருவி எவ்வாறு பேணப்பட்டது, எவர் கையால் திருத்தம் பெற்றது என்பதை எடுத்துரைப்போர் மிகச் சிலரே. பொழுதுபோக்காக வான்நோக்கிய ஒருவர் அமைத்து, இருமுறை கைமாறி, பழம்பொருளென ஒதுக்கப்பட்ட ஒரு தொலைகாட்டி, அண்டத்தைப் பற்றிய மனிதர் கருத்தையே விரிவுபடுத்த உதவியது. குறொஸ்லி தொலைகாட்டி எனப்படும் அதன் வரலாறு அறியத்தக்கது.

அன்றூ கொமன் (1841–1903) என்பார் இங்கிலாந்தில் சுகாதாரப் பொறியியலைத் தொழிலாகக் கொண்டவர். வானியல் அவருக்கு ஓய்வுநேர ஈடுபாடே. இலண்டனுக்கு அணித்தாகிய ஈலிங் என்னும் இடத்தில், தமது இல்லத்தின் தோட்டத்திலே 1879ஆம் ஆண்டில் அவர் ஒரு தெறிப்புத் தொலைகாட்டியை நிறுவினார். அதன் 36 அங்குல விட்டமுள்ள கண்ணாடி ஆடியை ஆக்கியவர் ஜோர்ஜ் கல்வர். தாங்கமைப்பை வகுத்தவர் கொமன் தாமே.

தொலைகாட்டிக்கு ஆடி எத்துணை இன்றியமையாததோ, தாங்கமைப்பும் அத்துணை இன்றியமையாதது. புவி சுழல்வதனால் விண்மீன்கள் ஓயாது நகர்வனபோலத் தோன்றுகின்றன. அவற்றின் ஒளிப்படம் எடுக்க வேண்டின், புவியின் அச்சுக்குச் சமாந்தரமான ஓர் அச்சைப் பற்றிக் குழாய் முழுவதும் கடிகாரப் பொறியினால் சீராகத் திரும்புதல் வேண்டும். பாரமான அவ்வச்சின் உராய்வைக் குறைக்கும் பொருட்டு, அதனை இரசத்தில் மிதக்குமாறு கொமன் அமைத்தார். 1883 சனவரி 30ஆம் நாள் இக்கருவியால் 37 நிமிட நேரம் ஒளிபடச் செய்து, ஓரியன் கூட்டத்து ஒளிமுகிலை அவர் படம் பிடித்தார். கண்ணுக்குப் புலனாகாத விண்மீன்களும் அதிற் பதிந்திருந்தன. அடுத்த ஆண்டில் அரச வானியற் கழகம் அவருக்குப் பொற்பதக்கம் வழங்கியது.

இதனினும் பெரிய ஆடியை ஆக்க விரும்பிய கொமன், 1885இல் இத்தொலைகாட்டியை விற்றுவிட்டார். வாங்கியவர் யோக்சயர்ப் பகுதியில் ஹலிபாக்ஸ் நகரில் வாழ்ந்த எட்வேட் குறொஸ்லி என்னும் கம்பள ஆலை முதலாளி. அவர் அதற்கென ஒரு குவிமாடத்தையும் அமைத்தார். ஆயினும் அந்நகரின் வானிலை நுண்ணிய நோக்கல்களுக்கு இடந்தரவில்லை. எனவே 1895இல் அவர் கருவியையும் குவிமாடத்தையும் கலிபோர்ணியாவிலுள்ள லிக் அவதானநிலையத்துக்கு நன்கொடையாக ஈந்தார்.

ஏறத்தாழ 4,200 அடி உயரமான ஹமில்ற்றன் மலையில் அமைந்த அந்நிலையத்தில், 36 அங்குல வில்லையைக் கொண்ட பெரிய முறிவுத் தொலைகாட்டி 1888 முதலே இயங்கி வந்தது. அதனைக் கையாண்டு பழகியோருக்கு இப்பழைய கருவி உவப்பளிக்கவில்லை. அதன் தாங்கமைப்பு உறுதியற்றது என்றும், அதனோடு உழல்வது காலத்தை வீணாக்குவதாகும் என்றும் கருதினர். இக்கருவி பற்றிய பிணக்கு நிலையத்தில் ஏற்கெனவே இருந்த பூசல்களோடு சேர்ந்துகொண்டது. தலைவர் எட்வேட் ஹோல்டன் 1897இல் பதவி துறந்தார்.

அடுத்த ஆண்டு தலைமையேற்ற ஜேம்ஸ் கீலர் செய்தது வியப்புக்குரியது. பெரிய தொலைகாட்டியை ஏனையோரிடம் விட்டு, எவரும் விரும்பாத குறொஸ்லியைத் தாமே எடுத்துக்கொண்டார். அதன் குறைகளை அவர் மறுக்கவில்லை. ஒவ்வொன்றாக ஆராய்ந்து நீக்க முற்பட்டார். ஈலிங்கின் அகலக்கோடு ஏறத்தாழ 51½ பாகை. ஹமில்ற்றன் மலையினதோ 37 பாகைக்குச் சற்று மேற்பட்டது. முனைவச்சின் சாய்வு ஓரிடத்தின் அகலக்கோட்டுக்கு ஒத்திருத்தல் வேண்டுமாதலின், இங்கிலாந்துக்கென வகுத்த தாங்கமைப்பு இங்கே மாற்றியமைக்கப்பட வேண்டியதாயிற்று. தாங்கும் தூணின் உயரம் குறைக்கப்பட்டது. அச்சு நுணுக்கமாகத் திசைப்படுத்தப்பட்டது. ஆடியின் வெள்ளிப்பூச்சு காலப்போக்கில் மங்கும் இயல்பினதாகையால், பழைய பூச்சை அகற்றிப் புதுப்பிப்பதும் இடைவிடாத கடமையாயிற்று.

இத்தனைக்குப் பின்னும் கடிகாரப் பொறியின் ஓட்டத்தில் சிறு பிழைகள் எஞ்சின. அவற்றை ஈடுசெய்தது கீலரின் பொறுமை. ஒளிப்படத் தட்டின் ஓரத்தே தோன்றும் ஒரு விண்மீனைப் பார்வைத்துண்டினூடாக நோக்கியிருந்து, அது சிறிதேனும் விலகுமிடத்துத் திருகாணிகளைத் திருப்பித் தட்டை நகர்த்துதல் வேண்டும். மலைக்குளிரில், இருளில், மணிக்கணக்காக அவர் இதனைச் செய்தார்.

பயன் பெரிதாயிற்று. அவர் எடுத்த படங்களில், நாடிய ஒளிமுகிலைச் சூழ எண்ணற்ற சிறு ஒளிமுகில்களும் காணப்பட்டன. இக்கருவிக்கு எட்டக்கூடியவை 1,20,000 ஆகலாம் என அவர் மதிப்பிட்டார். அவற்றுட் பெரும்பாலானவை சுருளுருவின என்றும் கூறினார். அதுகாறும் அரியதெனக் கருதப்பட்ட சுருளுருவம் பொதுவியல்பாகத் தோன்றலாயிற்று. ஆயின் 1900 ஓகஸ்ற் 12ஆம் நாள், 43 வயது நிரம்புமுன்னரே, கீலர் காலமானார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சார்ள்ஸ் பெரைன் அத்தாங்கமைப்பைப் புதுக்கி அமைத்தார். 1904 டிசம்பரிலும் 1905 சனவரியிலும் வியாழனின் ஆறாம், ஏழாம் உபகோள்களை அவர் இக்கருவியினாலேயே கண்டார். பின்னர் ஹீபர் கேட்டிஸ், இதனால் பெற்ற ஒளிப்படங்களைத் துணைக்கொண்டு, சுருள் ஒளிமுகில்கள் நமது பால்வீதிக்குப் புறம்பான தனி உலகங்கள் என 1920இல் வாதாடினார். சில ஆண்டுகளில் எட்வின் ஹபிளின் ஆய்வு அவர் கூற்றை மெய்ப்பித்தது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது நம்மவர் பழமொழி. குறொஸ்லியைக் குறைகூறியோரை அப்பழமொழியால் மட்டும் ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது. கூடம் உண்மையாகவே கோணலாயிருந்தது. கோணலைச் சுட்டிக் காட்டியதோடு அவர்கள் அமைந்தனர். கீலரோ அதனை நிமிர்த்தியபின் ஆடினார். கொமனின் உழைப்பு அவரோடு ஒழியாமல் கேட்டிஸ் வரை பயன்பட்டமைக்கு இவ்வேறுபாடே காரணம். கருவியொன்றின் ஆயுள் அதனை ஆக்கியவன் கையில் மட்டும் இல்லை. பெற்றுக்கொண்டவன் கையிலும் இருக்கின்றது.