காப்புநகலிலிருந்து கோப்பு மீட்பு
இயங்குதளத்தை அழித்துப் புதிதாக நிறுவியபின், முன்பே எடுத்துவைத்த காப்புநகலிலிருந்து கோப்புகளைக் கணினிக்குத் திரும்பக் கொண்டுவரும் பணி. ஆவணங்களும் படங்களும் எளிதில் திரும்பும். மென்பொருள்களைப் பெரும்பாலும் மறுபடி நிறுவத்தான் வேண்டும்.

விண்டோஸ் 8 (2012) கொண்டுவந்த ‘ஃபைல் ஹிஸ்டரி’ வசதியில், காப்புநகல் உள்ள ஹார்டு டிஸ்க்கை இணைத்து முந்தைய காப்புநகலைத் தேர்ந்தெடுக்கலாம். வெறுமனே நகலெடுத்து வைத்தவர்களுக்குத்தான் வேடிக்கை காத்திருக்கும்: சொந்தக் கோப்பையே திறக்க ‘அனுமதி இல்லை’ என்று கணினி மறுக்கக்கூடும். பயனர் பெயர் பழையதே என்றாலும், புதிய நிறுவல் அந்தக் கணக்குக்குப் புது அடையாள எண் தருகிறது. என்டிஎஃப்எஸ் என்னும் விண்டோஸ் கோப்பு முறையில் பதிந்த கோப்போ பழைய எண்ணையே உரிமையாளராக வைத்திருக்கிறது. நிர்வாகி கணக்கில் நுழைந்து உரிமையை மாற்றிக்கொண்டால் சிக்கல் தீரும்.

இஎஃப்எஸ் என்னும் விண்டோஸ் குறியாக்க முறையில் பூட்டிய கோப்புகளுக்கு இந்த வழி உதவாது. சான்றிதழையும் சாவியையும் தனியே சேமிக்காமல் வட்டை ஃபார்மட் செய்தால், காப்புநகல் கையிலிருந்தும் பயனில்லை.