ககோஃபனி

காதுக்கு ஒவ்வாத ஓசைகள் ஒன்றோடொன்று மோதி எழுவதை ஆங்கிலத்தில் ககோஃபனி என்பார்கள். ஹாரன்களின் இரைச்சலுக்கும் கூட்டத்தில் பலர் ஒரே நேரத்தில் கத்துவதற்கும் இன்று அது தாராளமாகப் பயன்படுகிறது. ஆனால் இந்தச் சொல் பேச்சுக்கலையோடு பிணைந்தது. கிரேக்கத்தில் ககோஸ் என்றால் கெட்டது, ஃபோனே என்றால் குரல். இரண்டும் சேர்ந்த ககோஃபோனியா 17ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது. எல்லா ஓசைக்கும் பொதுவாக ப்சோஃபோஸ் என்ற வேறு சொல் கிரேக்கரிடம் இருந்ததை இங்கே கவனிக்க வேண்டும். உயிருள்ளது எழுப்பும், பொருள் உணர்த்தும் ஓசையே ஃபோனே என்று அரிஸ்டாட்டில் 'ஆன்மாவைப் பற்றி' என்ற நூலில் வரையறுத்தார். இருமலைக்கூட அவர் குரல் என்று ஏற்கவில்லை. ஆகவே சொல்லின் அமைப்பே ஓசையின் வன்மையைச் சொல்லவில்லை, குரலைப் பற்றிக் கேட்பவர் தரும் தீர்ப்பைச் சொல்கிறது.

பழைய அணியிலக்கண ஆசிரியர்களின் எழுத்தில் இது தெளிவாகத் தெரிகிறது. கி.மு. முதல் நூற்றாண்டில் ரோமில் எழுதிய ஹாலிகர்னாசஸ் டயோனிசியஸ், கிரேக்கத்தின் சிக்மா எழுத்தை அழகற்றது என்றார். அதன் சீறல் மனிதக் குரலைவிட விலங்கின் குரலுக்கே நெருக்கமானது என்பது அவர் கண்ட குறை. பண்டைக் கவிஞர் லாசஸ் சிக்மாவே வராமல் பாடல் இயற்றியதாகவும் மரபு உண்டு. ரோமானியப் பேச்சாளர் சிசரோ காட்டும் சான்று இன்னும் வலுவானது. 'எங்களுடன்' என்பதை ரோமர் 'கும் நோபிஸ்' என்று சொல்லாமல், சொற்களை இடம்மாற்றி 'நோபிஸ்கும்' என்றார்கள். முன்னதில் எழுத்துகள் ஒட்டும்போது ஓர் ஆபாசச் சொல் காதில் விழுமாம். இங்கே உரசுபவை மகரமும் நகரமும். இரண்டுமே மென்மையான ஒலிகள். காதைக் கூசவைத்தது ஒலியின் கடுமை அல்ல, அது நினைவூட்டிய பொருள்.

கடுமைக்கு இயற்பியல் அடிப்படை இருக்கிறதே என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பு நியாயமானது. நெருங்கிய இரு அதிர்வெண்கள் சேரும்போது ஒலி ஏறி இறங்கித் துடிக்கிறது. இந்தத் துடிப்பு நொடிக்கு 30 முதல் 40 வரை வரும்போது ஓசை மிகக் கரடுமுரடாகிறது என்று ஜெர்மன் இயற்பியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863இல் விளக்கினார். 2016இல் வெளியான ஆய்வில், பொலிவியாவின் அமேசான் பகுதியில் மேற்கத்திய இசையோடு அதிகம் பழகாத சிமானே மக்களும் கரடுமுரடான ஓசையை விரும்பவில்லை. ஆனால் மேற்கத்தியர் முகம் சுளிக்கும் இசைவற்ற சுரக்கூட்டுகளை அவர்கள் இசைவானவற்றுக்கு இணையாகவே ரசித்தார்கள். கரடுமுரடு என்பது காதின் உணர்வு. இசைவின்மையைக் கெட்டது என்பது பெரிதும் பழக்கம் தந்த தீர்ப்பு. இந்த இரண்டையும் ககோஃபனி என்ற ஒரே சொல் விழுங்கிவிடுவதுதான் குழப்பத்துக்குக் காரணம்.

இலக்கிய விமர்சகர்கள் ககோஃபனியைக் குற்றமாக மட்டும் கொள்வதில்லை. வேண்டுமென்றே கையாளும் உத்தியின் பெயராகவும் கொள்கிறார்கள். முதல் உலகப்போரின் நச்சுவாயுத் தாக்குதலைப் பாடிய ஆங்கிலக் கவிஞர் வில்ஃபிரட் ஓவனின் கவிதை 1920இல், அவர் போரில் இறந்த பிறகு, நூலில் வெளிவந்தது. சேற்றில் தள்ளாடும் படைவீரர்களின் இருமலும் மூச்சுத்திணறலும் அதில் அடுக்கடுக்கான வன்மெய்களாக வருகின்றன. நாட்டுக்காகச் சாவது இனிது என்ற பழைய வாசகத்தைப் பொய் என்று காட்ட எழுதிய கவிதைக்கு அந்த ஓசை தேவைப்பட்டது.