களஞ்சிய மாற்றம் (கட்டிடக்கலை)

களஞ்சிய மாற்றம் என்பது, வேளாண்மைப் பயன்பாட்டை இழந்துவிட்ட பழைய களஞ்சியம் ஒன்றை, அதன் சுவர்களையும் கூரைச் சட்டகத்தையும் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டு, மக்கள் வாழ்வதற்கும் வேலை செய்வதற்கும் ஏற்ற கட்டிடமாக மாற்றுவதைக் குறிக்கும். இது பல நாடுகளில் நடைபெறுகின்றது. எனினும், இதற்கென விரிவான சட்டங்களும் நீண்ட விவாதமும் உருவான நாடுகளுள் இங்கிலாந்து முக்கியமானது. இக்கட்டுரை அங்குள்ள கற்களஞ்சியங்களைப் பற்றியது.

களஞ்சியமும் களமும்

தமிழில் களஞ்சியம் என்பது தானியத்தைச் சேமித்து வைக்கும் இடம். கதிர் அடிப்பது வெளியே, திறந்த களத்தில். மழை மிகுந்த இங்கிலாந்தில் இவ்விரண்டும் ஒரே கூரையின் கீழ் நடைபெற்றன. கட்டிடத்தின் நடுவில் கதிரடிக்கும் தளமும், அதன் இரு பக்கங்களிலும் அடிக்காத கதிர்க்கட்டுகளையும் வைக்கோலையும் அடுக்கி வைப்பதற்கான வெற்றிடங்களும் இருந்தன. தளத்தின் இரு முனைகளிலும் எதிரெதிராக உயரமான கதவுகள் அமைக்கப்பட்டன. கதிர் வண்டி உள்ளே வருவதற்கும், இரு கதவுகளையும் திறந்து வைத்து அடித்த தானியத்தைக் காற்றில் தூற்றுவதற்கும் இவை பயன்பட்டன. சாளரங்கள் இல்லை, காற்றோட்டத்துக்காகச் சுவர்களில் ஒடுங்கிய பிளவுகள் மட்டுமே இருந்தன. சில கட்டிடங்களில், எலிகளைப் பிடிக்கும் ஆந்தைகள் வந்து போவதற்கென்றே சுவரின் உச்சியில் ஒரு துளை விடப்பட்டிருக்கும்.

யோர்க்சயர் டேல்சு பகுதியின் வயற் களஞ்சியங்கள் வேறு வகையானவை. புல்வெளிகளின் நடுவே தனித்தனியாக நிற்கும் இச் சிறு கட்டிடங்களின் ஒரு பாதியில் உலர்ந்த புல்லும், மறு பாதியில் மாடுகளும் இருந்தன. குளிர்காலம் முழுவதும் மாடுகள் அங்கேயே கட்டப்பட்டு, அந்த வயலின் புல்லையே உண்டன. அவற்றின் சாணம் மீண்டும் அதே வயலுக்கு எருவானது.

பயன்பாடு இழந்தமை

18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இசுக்கொட்லாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ மைக்கிள் உருவாக்கிய கதிரடிக்கும் இயந்திரம், அடுத்த நூற்றாண்டில் பண்ணைகளில் பரவியது. இதனால் குளிர்கால வேலையை இழந்த கூலியாட்கள் 1830 ஆம் ஆண்டில் தென் இங்கிலாந்தில் இவ்வியந்திரங்களை உடைத்துக் கலகம் செய்தனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அறுவடையையும் கதிரடிப்பையும் வயலிலேயே முடிக்கும் இயந்திரங்கள் பரவலாகின. பழைய களஞ்சியங்களின் வாயில்கள் இவ்வாறான பெரிய இயந்திரங்களை நிறுத்தி வைப்பதற்குக்கூடப் போதுமானவையாக இல்லை. பயன் தராத கட்டிடத்தின் கூரையைப் பழுது பார்க்க எந்த உழவரும் செலவிடுவதில்லை. கூரை ஓடு நழுவியதும் மழைநீர் சுவரின் நடுப்பகுதிக்குள் இறங்கும்; பின்னர் சுவர் சரியும். மாற்றத்தை ஆதரிப்போரின் வலுவான வாதம் இதுவே.

வடிவமைப்பு

களஞ்சியத்தின் சிறப்பு இரண்டு: தரையிலிருந்து கூரை வரை தடையின்றி விரியும் உள்வெளி, பெரும்பாலும் திறப்புகள் அற்ற கற்சுவர். வழமையான வீட்டுக்குத் தேவையானவையோ இவற்றுக்கு நேர்மாறானவை: சிறு அறைகள், மாடித்தளம், பல சாளரங்கள். 20 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செய்யப்பட்ட மாற்றங்கள் பலவற்றில் உள்வெளி முழுவதும் அறைகளாகத் துண்டாடப்பட்டுச் சுவர்களில் வரிசையாகச் சாளரங்கள் வெட்டப்பட்டன. இதன் விளைவு, சுமாரான ஒரு புதிய வீடு போலத் தோற்றமளிக்கும் பழைய கட்டிடம் என்றே சொல்ல வேண்டும்.

பல்பயன் வாழிடமாக மாற்றும் முறை இவ்விடயத்தில் பொருத்தமானது. சமையல், உணவு, அமர்விடம், வேலை மேசை ஆகியவை பழைய கதிரடி தளத்தைச் சுற்றி ஒரே கூடமாக அமைகின்றன. உயரமான கதவு வாயில், சுவர் முகப்பிலிருந்து சற்று உள்வாங்கிய கண்ணாடியால் மூடப்பட்டு, கூடத்துக்கு முதன்மையான ஒளியைத் தருகின்றது. காற்றுப் பிளவுகளும் கண்ணாடியிடப்படுகின்றன. படுக்கை அறைகளும் குளியலறைகளும் ஒரு முனையில் இடைத்தளம் அமைத்தோ, முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வான மாட்டுக் கொட்டில்களிலோ வைக்கப்படுகின்றன. இதனால் நடுக்கூடம் கூரை வரை திறந்தபடி இருக்கும். ஆனால் ஒருவரின் பேச்சு எல்லோருக்கும் கேட்கும். சமையல் மணம் எங்கும் பரவும். உயரமான வெளியைச் சூடாக்குவதும் எளிதன்று. தரையடி வெப்பமூட்டல் இதனால்தான் விரும்பப்படுகின்றது.

கட்டுமானச் சிக்கல்கள்

கற்சுவர்கள் பொதுவாக அரை மீட்டர் அளவு தடிப்பானவை. உள்ளும் புறமும் இரண்டு கல் அடுக்குகளைக் கட்டி, இடையில் சிறு கற்களும் சாந்தும் நிரப்பி, ஆங்காங்கே இரு அடுக்குகளையும் பிணைக்கும் நீண்ட கற்களை வைப்பது வழக்கம். சாந்து, சுண்ணாம்பு அல்லது மண் கலந்தது. சுவருக்குள் புகும் ஈரம் இச் சாந்தின் வழியாகவே ஆவியாகி வெளியேறுகின்றது. கல் இடைவெளிகளைச் சீமெந்துச் சாந்தால் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிக் கல்லுக்குள் செல்கின்றது. உறைபனிக் காலத்தில் கல்லின் முகம் உதிர்கின்றது. எனவே மீள்பூச்சுக்குச் சுண்ணாம்புச் சாந்தே பரிந்துரைக்கப்படுகின்றது. உட்சுவர் வெப்பக் காப்புக்கும் மரநார்ப் பலகையும் சுண்ணாம்புப் பூச்சும் போன்ற ஆவி புகவிடும் பொருட்களே ஏற்றவை. இப்படிச் செய்தால் கல்லின் உள்முகம் மறைந்துவிடும். கல் தெரிய வேண்டுமா, வீடு கதகதப்பாக இருக்க வேண்டுமா என்பதை உரிமையாளர் தீர்மானிக்க வேண்டியுள்ளது.

கடுமையான சேதத்தை விளைவிக்கக் கூடியவை இரண்டு பிழைகள். முதலாவது, தரையைத் தாழ்த்துவதற்காகத் தோண்டுவது. பல களஞ்சியங்களின் அடித்தளம் மிகவும் ஆழமற்றது. சுவரை ஒட்டித் தோண்டினால் சுவர் அடியிழந்து நகரும். இரண்டாவது, இடைத்தளத்தில் நடமாட இடைஞ்சலாக இருக்கும் குறுக்கு உத்திரத்தை வெட்டுவது. கூரையின் இரு சரிவுகளும் சுவர்களை வெளிநோக்கித் தள்ளாமல் இழுத்துப் பிடித்திருப்பது அந்த உத்திரமே.

சட்டம்

இங்கிலாந்தில், 2014 ஆம் ஆண்டு முதல் வேளாண் கட்டிடங்களை முழுமையான திட்ட அனுமதி இன்றி, முன் ஒப்புதல் மட்டும் பெற்று வீடாக மாற்ற வழி செய்யப்பட்டது. 2015 ஆம் ஆண்டின் ஆணையில் இது கியூ வகுப்பு எனப் பெயர் பெற்றது. 2024 மே மாதத்தில் விரிவாக்கப்பட்ட விதிகள், மொத்தம் 1000 சதுர மீட்டருக்குள் 10 வீடுகள் வரை அனுமதிக்கின்றன. தேசியப் பூங்காக்கள், உலகப் பாரம்பரியக் களங்கள், பட்டியலிடப்பட்ட கட்டிடங்கள் முதலியவற்றுக்கு இவ்வுரிமை பொருந்தாது.

இவ்வுரிமை மாற்றத்துக்கு மட்டுமே உரியது. மீளக் கட்டுவதற்கு அன்று. 2016 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம், மூன்று பக்கங்களும் பெரிதும் திறந்திருந்த உருக்குச் சட்டகக் கொட்டகை ஒன்று தொடர்பான வழக்கில், வேலையின் அளவு புதிதாகக் கட்டுவதற்கு ஒப்பாக இருப்பின் அது மாற்றம் ஆகாது எனத் தீர்ப்பளித்தது. கற்களஞ்சிய உரிமையாளர்களுக்கும் இது முக்கியமானது. வேலையின்போது சுவர் இடிந்து விழுந்தால் மாற்றுவதற்குக் கட்டிடமே இல்லை என்றாகி, அனுமதியும் பயனற்றுப் போகலாம்.

வௌவால்களும் கூகைகளும் மற்றொரு தடை. வௌவால்கள் அனைத்தும் அவற்றின் தங்கிடங்களும் சட்டப் பாதுகாப்புப் பெற்றவை. கூடு கட்டியிருக்கும் கூகையைத் தொந்தரவு செய்வது 1981 ஆம் ஆண்டின் வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டப்படி குற்றமாகும். வௌவால்கள் வெளியேறுவதைக் கோடையில் மட்டுமே முறையாகக் கணக்கிட முடிவதால், இலையுதிர் காலத்தில் கட்டிடத்தை வாங்கியவர் அடுத்த ஆண்டு வரை காத்திருக்க நேரலாம். நவீன கூரைத் துணிகள் சிலவற்றின் இழைகளில் வௌவால்கள் சிக்கி இறப்பதால், அவற்றின் பயன்பாட்டுக்கும் கட்டுப்பாடு உண்டு.

எதிர்ப்பு

வயற் களஞ்சியங்களைப் பொறுத்தவரை எதிர்ப்பு கட்டிடத்தைப் பற்றியது மட்டுமன்று. வண்டிப் பாதை, மின்கம்பி, கழிவுநீர்த் தொட்டி, இரவில் தெரியும் விளக்கு ஆகியவை புல்வெளியின் தன்மையையே மாற்றிவிடுகின்றன. விலை உயர்ந்து, வெளியூர்ச் செல்வந்தரின் விடுமுறை இல்லங்களாகவே இவை முடியும் என்ற அச்சமும் உள்ளது. யோர்க்சயர் டேல்சு தேசியப் பூங்கா 2016 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட திட்டத்தில், சாலையோரம் அமைந்த களஞ்சியங்களுக்கு இடம் கொடுத்தது. உள்ளூர்வாசிகளின் குடியிருப்பு அல்லது விடுமுறை வாடகை என்பதே அதன் நிபந்தனை. வயல் நடுவில் தொலைவாக நிற்பவற்றுக்கு அவ்வழி திறக்கப்படவில்லை.

மாற்றப்படாதவை

பெரும் மடாலயக் களஞ்சியங்கள் சில எவ்வித மாற்றமும் இன்றிப் பேணப்படுகின்றன. வில்ட்சயரில் பிராட்போர்ட்-ஒன்-ஏவனில் உள்ள 14 ஆம் நூற்றாண்டுக் களஞ்சியம் ஏறத்தாழ 51 மீட்டர் நீளமானது. ஆக்சுபோர்டுசயரின் கிரேட் கொக்சுவெல் களஞ்சியம் தேசிய அறக்கட்டளையின் பொறுப்பில் உள்ளது. களஞ்சியத்தின் உள்வெளி அறைகளாகப் பிரிக்கப்படுவதற்கு முன் எவ்வாறு இருந்தது என்பதை இவற்றில் நேரில் காணலாம்.