செம்பனை நோயைக் காட்டும் படக்கருவி: சூட்சுமம் ஒளி வடிகட்டியில்

செம்பனைத் தோட்டங்களில் டுரோனைப் பறக்கவிட்டு, மரங்கள் நலமாக உள்ளனவா என்று படமெடுத்துப் பார்ப்பது இப்போது புதிய செய்தி அல்ல. அந்தப் படக்கருவிகளில் நுட்பமான வகை 'ஹைப்பர்ஸ்பெக்ட்ரல்' எனப்படுகிறது. அதன் உள்ளே இருக்கும் ஒளி வடிகட்டி சரியாக வடிவமைக்கப்படாவிட்டால் நல்ல மரம்கூட நோயுற்ற மரமாகத் தெரியும். அது எப்படி என்பதைப் பார்ப்போம்.

கண்ணுக்குத் தெரியாத மாற்றம்

செம்பனையின் பெரிய எதிரி கானோடெர்மா என்னும் பூஞ்சை. வேர் வழியாகப் புகுந்து அடிமரத்தை உள்ளிருந்தே அழுக வைக்கும். குருத்துகள் விரியாமல் நிற்பது, கீழ் மட்டைகள் பாவாடைபோல் தொங்குவது, அடிமரத்தில் காளான் முளைப்பது ஆகியவை தோட்டத்தில் வேலை செய்பவர்கள் நன்கு அறிந்த அடையாளங்கள். ஆனால், இவை வெளியே தெரியும் நேரத்தில் அடிமரத்தின் உட்பகுதி பெருமளவு கெட்டிருக்கும். நோயை முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை. முன்கூட்டியே தெரிந்தால், அடியில் மண் அணைத்து மரத்தின் ஆயுளைச் சற்று நீட்டலாம். பக்கத்து மரங்களுக்குப் பரவுவதையும் குறைக்கலாம்.

இங்கேதான் ஒளி உதவுகிறது. பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை நிறையத் திருப்பி அனுப்பும். ஏறக்குறைய 680 முதல் 750 நானோமீட்டர் வரையிலான அலைநீளத்தில் இந்த அளவு செங்குத்தாக ஏறும். இதைச் 'சிவப்பு விளிம்பு' என்பார்கள். இலையில் பச்சையம் குறையும்போது இந்த ஏற்றம் சில நானோமீட்டர் குறைந்த அலைநீளப் பக்கம் நகர்கிறது. ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் 10 லட்சத்தில் ஒரு பங்கு.

கைப்பேசிப் படக்கருவி சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அகலமான நிறங்களை மட்டுமே பிரித்தறியும். இவ்வளவு சிறிய நகர்வு அதில் தெரியாது. ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் கருவியோ பல பத்து, சில வேளைகளில் நூற்றுக்கணக்கான குறுகிய அலைநீளப் பட்டைகளில் ஒரே காட்சியைப் பதிவு செய்யும்.

வானொலித் திருகு போல

பழைய வானொலிப் பெட்டியில் திருகைத் திருப்பி நிலையம் பிடித்தது பலருக்கும் நினைவிருக்கும். மாற்றத்தக்க ஒளி வடிகட்டி செய்வதும் அதுதான். ஒரு நேரத்தில் ஓர் அலைநீளத்தை மட்டும் உள்ளே விடும். படம் எடுத்ததும் அடுத்த அலைநீளத்துக்கு மாறும்.

இவற்றில் எளிய அமைப்பு கொண்டது ஃபேப்ரி-பெரோ வடிகட்டி. சார்ல்ஸ் ஃபேப்ரி, ஆல்ஃபிரட் பெரோ என்ற பிரெஞ்சு இயற்பியலாளர்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கியது. பாதி ஒளியூடுருவும் இரண்டு கண்ணாடிகள் ஒன்றையொன்று பார்த்து நிற்கும். ஒளி அவற்றுக்கிடையே பலமுறை எதிரொளித்து, இடைவெளிக்குப் பொருந்தும் அலைநீளம் மட்டும் வெளியேறும். கணக்கு எளிது: இடைவெளியின் இரு மடங்கே முதல் அலைநீளம். 350 நானோமீட்டர் இடைவெளி விட்டால் 700 நானோமீட்டர் ஒளி வரும். மின்னழுத்தம் கொடுத்தால் நுண்ணிய அளவில் நீளும் பியெசோ பொருளை வைத்து இந்த இடைவெளியை மாற்றுகிறார்கள்.

ஒன்று கூடினால் ஒன்று குறையும்

வடிவமைப்பாளரின் தலைவலி இங்கேதான் தொடங்குகிறது. கண்ணாடி 90 விழுக்காடு ஒளியை எதிரொளித்தால், 700 நானோமீட்டரில் வடிகட்டியின் பட்டை அகலம் சுமார் 23 நானோமீட்டர். 95 விழுக்காடு என்றால் அது ஏறக்குறைய பாதியாகச் சுருங்கும். ஆனால், பட்டை குறுகினால் உள்ளே வரும் ஒளியும் குறையும். ஒவ்வொரு படத்துக்கும் கூடுதல் நேரம் தேவைப்படும். அதற்குள் டுரோன் நகரும், காற்றில் மட்டை அசையும், படம் மங்கும்.

கண்ணாடிகளை மாற்றாமல் இடைவெளியை 700 நானோமீட்டராக்கினாலும் பட்டை குறுகும். ஆனால், 700 நானோமீட்டர் ஒளியுடன் 467 நானோமீட்டர் நீல ஒளியும் சேர்ந்து நுழையும். அதைத் தடுக்கத் தனி வடிகட்டி ஒன்று வேண்டும்.

வெப்பமும் தொல்லை தரும். முதல் நிலையில் இடைவெளி 5 நானோமீட்டர் மாறினாலே அலைநீளம் 10 நானோமீட்டர் நகர்ந்துவிடும். ஆகவே, நல்ல கருவிகளில் இடைவெளியை ஓயாமல் அளந்து திருத்தும் உணரிகள் இருக்கும்.

பொய் நோய்

எல்லாவற்றிலும் கவனிக்க வேண்டியது ஒளி நுழையும் கோணம். நேராக வரும் ஒளிக்கு 700 நானோமீட்டரில் வைத்த வடிகட்டி, 10 பாகை சாய்ந்து வரும் ஒளியில் சுமார் 689 நானோமீட்டரை உள்ளே விடும். இதனால் படத்தின் நடுவில் இருக்கும் மரத்தையும் ஓரத்தில் இருக்கும் மரத்தையும் வெவ்வேறு அலைநீளங்களில் பார்க்கிறோம்.

சிவப்பு விளிம்பில் நாம் தேடும் மாற்றமோ சில நானோமீட்டர்தான். கருவியின் பிழை அதைவிடப் பெரிதாகிவிடுகிறது. ஓரத்திலுள்ள மரங்களின் நிலை தவறாகக் கணிக்கப்படும்: நல்ல மரம் நோயுற்றதாகவோ, நோயுற்ற மரம் நல்லதாகவோ காட்டப்படலாம். காய்க்க ஏறக்குறைய மூன்று ஆண்டு எடுத்து, 25 ஆண்டு வரை பலன் தரக்கூடிய மரத்தைத் தவறாகத் தோண்டி எடுத்தால், அந்த நட்டம் சிறுதோட்டக்காரர் தலையில்தான் விழும்.

இதைத் தவிர்க்க, வடிகட்டிக்குள் ஒளி ஏறக்குறைய நேராகச் செல்லும்படி லென்சுகளை அமைக்கிறார்கள். எஞ்சிய பிழையை ஒவ்வொரு புள்ளிக்கும் முன்கூட்டியே அளந்து, கணினியில் திருத்துகிறார்கள்.

மற்ற வகைகள்

திரவப் படிக வடிகட்டி, பிரெஞ்சு வானியலாளர் பெர்னார்ட் லியோ சூரியனை ஆராய உருவாக்கிய அமைப்பின் வழிவந்தது. படம் தெளிவாக இருக்கும். ஆனால், பாதிக்கு மேல் ஒளியை இழக்கும், மெதுவாக மாறும். படிகத்துக்குள் ஒலி அலையைச் செலுத்தி ஒளியைப் பிரிக்கும் மற்றொரு வகை, மிக வேகமாக மாறும். ஆனால், விலையும் மின்தேவையும் கூடுதல். சிறிய, எடை குறைந்த கருவிகளுக்கு ஃபேப்ரி-பெரோ பொருந்துகிறது. 2017இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஃபின்லாந்தின் ஆல்டோ-1 என்ற சிறிய துணைக்கோளத்தில் இவ்வகைக் கருவி பொருத்தப்பட்டிருந்தது.

கேட்க வேண்டியவை

உங்கள் தோட்டத்தைப் படமெடுக்க யாராவது வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். கருவியின் பட்டை அகலம் எவ்வளவு? படத்தின் ஓரப் பிழை திருத்தப்பட்டதா? பறக்கும் முன்னும் பின்னும் வெள்ளைப் பலகையைப் படமெடுத்து ஒளி அளவைச் சரிபார்த்தார்களா?

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். உரக்குறைவு, நீர்க்குறைவு ஆகியவற்றாலும் இலையின் பச்சையம் குறையும். மரம் தளர்ந்திருக்கிறது என்பதை மட்டுமே படம் சொல்லும். காரணத்தை உறுதி செய்ய அடிமரத்தை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். தோட்டத்தில் பழகிய கண்ணுக்கு அந்த வேலை இன்னும் இருக்கிறது.