டஸ்கனி: பனிக்கட்டி ஏற்றிவந்த கப்பல்

டஸ்கனி என்பது அமெரிக்காவிலிருந்து இந்தியாவுக்கு முதன்முதலாகப் பனிக்கட்டி கொண்டுவந்த பாய்மரக் கப்பல் ஆகும். பாஸ்டன் வணிகர் பிரெடெரிக் டியூடரின் இச்சரக்கு 1833 மே 12 அன்று புறப்பட்டது. ஏற்றியது சுமார் 180 டன். நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து, நான்கு மாதம் கழித்துக் கல்கத்தா சேர்ந்தபோது ஏறத்தாழ 100 டன் மிஞ்சியிருந்தது.

குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளில், குதிரை இழுக்கும் கருவியால் கட்டிகளை ஒரே அளவாக அறுப்பார்கள். இடைவெளியின்றி அடுக்கினால் உருகுவது குறையும். வெப்பம் புகாமல் காத்தது மரத்தூள். மர அறுவை ஆலைகளின் கழிவுதான் இந்த வாணிகத்தையே தாங்கியது எனலாம்.

சென்னையில் டியூடரின் கிடங்கு 1842இல் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் எழுந்தது. அன்று சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் அலைகளுக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். ஆணியின்றிக் கயிற்றால் தைத்த மசூலா படகுகளே சரக்கைக் கரைசேர்த்தன. மாதக்கணக்கில் காத்துவந்த கட்டி உச்சி வெயிலில் கடைசி அரை மைலைக் கடந்தது உள்ளூர்ப் படகோட்டிகளின் கைத்திறனால்தான். டியூடரைப் பேசுவோர் அவர்களைப் பேசுவதில்லை.

இந்தியாவிலேயே இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யத் தொடங்கியதும் இவ்வாணிகம் நின்றது. கிடங்கைப் பின்னர் வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் வாங்கினார். 1897இல் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார். இன்று அது விவேகானந்தர் இல்லம். சுற்றுப்புறம் மட்டும் மக்கள் வாயில் இன்னும் ஐஸ் ஹவுஸ்தான்.