ரிமோட் யார் கையில்?

2013 ஜூலை 5 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. தேர்தலில் இலவசப் பொருள்கள் தருவதாக வாக்குறுதி அளிப்பது முறைகேடா என்பதுதான் வழக்கு. சட்டம் படிப்பவர்கள் அதைச் சுப்பிரமணியம் பாலாஜி வழக்கு என்று அறிவார்கள். அத்தகைய வாக்குறுதிகள் சட்டப்படி ஊழல் ஆகாது என்று நீதிமன்றம் சொன்னது. வழக்கின் பின்னணியை விவரிக்கும் பகுதியில், பலரும் படிக்காமல் தாண்டிப் போகும் ஒரு செய்தி இருக்கிறது. தமிழ்நாட்டில் 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்துக்கு அரசு சொன்ன காரணம் அது. வீட்டிலிருக்கும் பெண்களுக்கு, குறிப்பாகக் கிராமப்புறப் பெண்களுக்கு, பொழுதுபோக்கும் பொது அறிவும் கிடைக்க வேண்டுமாம்.

ஆக, ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் பெண்ணின் பெயரைச் சொல்லி ஒரு டிவி வந்தது. மக்கள் அதைக் ‘கலைஞர் டிவி’ என்று அழைத்தார்கள். அதோடு ஒரு ரிமோட்டும் வந்தது. பெண்ணுக்காக வந்த டிவியின் ரிமோட் யார் கைக்குப் போனது? இதற்கு எந்த அரசாணையிலும் பதில் இல்லை. ஆனால் நம் எல்லோருக்கும் பதில் தெரியும். நமக்குத் தெரியாதது, அது எப்படி அவ்வளவு இயல்பாக நடந்தது என்பது. அதற்கு ரிமோட்டின் கதையைக் கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் ஜெனித் நிறுவனம் 1950இல் டிவிக்கு முதல் ரிமோட்டை விற்றது. அதற்கு ‘லேசி போன்ஸ்’, அதாவது சோம்பேறி, என்று பெயர். டிவியிலிருந்து நீண்ட ஒரு வயர் அதில் இருந்தது. 1955இல் யூஜின் பாலி என்ற பொறியாளர் வயரில்லாத ‘ஃப்ளாஷ்மேட்டிக்’கை உருவாக்கினார். அது துப்பாக்கி வடிவில் இருந்தது. டிவியை நோக்கிச் சுட வேண்டும். அடுத்த ஆண்டு ராபர்ட் ஆட்லர், காதுக்குக் கேட்காத ஒலியால் இயங்கும் ‘ஸ்பேஸ் கமாண்ட்’டைக் கொண்டுவந்தார். சோம்பல், துப்பாக்கி, கட்டளை. இந்தப் பெயர்களையும் வடிவத்தையும் பார்த்தாலே யாரை மனத்தில் வைத்துச் செய்தார்கள் என்று புரிந்துவிடும். வேலை முடிந்து வந்து நாற்காலியில் சாய்ந்திருப்பவருக்கான கருவி அது. சாயங்காலம் ஆறு மணிக்குச் சாய்ந்து உட்கார முடிகிற பெண் எத்தனை வீட்டில் இருந்தாள்?

சென்னைக்குத் தூர்தர்ஷன் வந்தது 1975 ஆகஸ்ட் 15 அன்று. அப்போது ரிமோட்டுக்கு அவசியமே இல்லை. இருந்தது ஒரே சேனல். டயனோரா, சாலிடேர் பெட்டிகளில் திருகு குமிழ்தான். ஆனால் அன்றும் அதிகாரத்துக்கு ஒரு கருவி இருந்தது. பல டிவிகள் மரப்பெட்டிக்குள், இழுத்து மூடும் கதவோடு வந்தன. கதவுக்குப் பூட்டும் உண்டு. அந்தச் சாவி யாரிடம் இருந்ததோ அவர்தான் டிவிக்கு எஜமானர். வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ பார்க்கக் கூடிய அண்டை வீட்டுப் பெண்களும் குழந்தைகளும் சாவி திறக்கக் காத்திருந்தார்கள்.

1993 ஏப்ரலில் சன் டிவி வந்தது. கேபிள் வழியே சேனல்கள் பெருகப் பெருக, சாவியின் இடத்துக்கு ரிமோட் வந்தது. கிரிக்கெட்டா சீரியலா என்ற சண்டை வீட்டுக்கு வீடு நகைச்சுவைத் துணுக்காக மாறியது. அந்தத் துணுக்குகளில் சீரியல் பார்க்கும் பெண்தான் எப்போதும் கேலிப்பொருள். ஒருநாள் முழுக்க கிரிக்கெட் பார்க்கும் ஆணை யாரும் பைத்தியம் என்று சொன்னதில்லை.

ஏறக்குறைய அதே காலத்தில் இங்கிலாந்தில் இரண்டு ஆய்வாளர்கள் இதை முறையாகக் கவனித்தார்கள். டேவிட் மோர்லி தெற்கு லண்டனில் 18 குடும்பங்களிடம் பேசி 1986இல் ஒரு நூல் வெளியிட்டார். ரிமோட் இருந்த வீடுகளில் பெண்கள் யாரும் அதை வழக்கமாகப் பயன்படுத்தவில்லை. அது அப்பாவின் நாற்காலிக் கைப்பிடியில் இருந்தது. ஆண்கள் அமைதியாக, ஒரே மூச்சில் டிவி பார்த்தார்கள். பெண்கள் துணி மடித்துக்கொண்டும் தேய்த்துக்கொண்டும் பார்த்தார்கள். ஆணுக்கு வீடு ஓய்விடம், பெண்ணுக்கு அதுவே வேலையிடம் என்பதால் வந்த வேறுபாடு இது என்றார் மோர்லி. ஆன் கிரே, வீடியோ ரெக்கார்டர் பற்றிப் பெண்களிடம் பேசி 1992இல் எழுதினார். வீட்டிலுள்ள கருவிகளுக்கு நீலம் அல்லது இளஞ்சிவப்பு நிறம் கொடுக்கச் சொன்னார் அவர். இஸ்திரிப்பெட்டி இளஞ்சிவப்பு, துளையிடும் கருவி நீலம். ரெக்கார்டரில் நேரம் குறித்துப் பதிவு செய்யும் பகுதி நீலம். ரிமோட் எல்லாவற்றையும்விட அடர்ந்த நீலம்.

நம் ஊரில் அந்த நீலம் இன்னும் அடர்ந்தது 2003 செப்டம்பர் 1க்குப் பிறகு. அன்றுதான் சென்னையில் கட்டணச் சேனல்களுக்கு செட்டாப் பாக்ஸ் கட்டாயமானது. பிறகு டிடிஎச் குடைகள் மாடிக்கு மாடி முளைத்தன. 2017இல் அரசு கேபிளும் செட்டாப் பாக்ஸ் கொடுக்கத் தொடங்கியது. வீட்டில் ரிமோட் இரண்டானது. டிவியைப் போட ஒன்று, சேனல் மாற்ற ஒன்று. சத்தத்தை எதில் கூட்டுவது என்ற குழப்பம் வேறு. தவறி ‘சோர்ஸ்’ பொத்தானை அழுத்திவிட்டால் திரை நீலமாகிவிடும். யாராவது வந்து சரிசெய்யும்வரை டிவி இல்லை.

அந்த ‘யாராவது’ யார் என்பதுதான் கேள்வி. திருவான்மியூரில் மாட வீதிகளிலும் வால்மீகி நகரிலும் தனியாகவோ, கணவரோடு மட்டுமோ வாழும் வயதான பெண்கள் நிறைய. பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பார்கள். சோர்ஸ் பொத்தானைச் சரிசெய்ய டல்லாஸிலிருக்கும் மகனுக்கு வீடியோ கால் போட வேண்டும். அங்கே அவன் விழிக்கும்வரை இங்கே காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் கேபிள்காரத் தம்பி வர வேண்டும். அவர் வந்ததும் கேட்பது, “சார் இருக்காரா மேடம்? இந்த ரிமோட்டை அவர்கிட்ட காமிச்சுட்டுப் போறேன்.” கதவைத் திறந்த பெண், கூப்பிடு தூரத்தில் இருக்கும் டைடல் பார்க்கில் பகலெல்லாம் புரோகிராம் எழுதிவிட்டு வந்தவளாகவும் இருக்கலாம். அவளைத் தாண்டி உள்ளே போய் மாமனாரிடம்தான் ரிமோட் விளக்கப்படும்.

அப்படி என்ன பெரிய ரகசியம் அதற்குள் இருக்கிறது? பார்த்துவிடலாம்.

ரிமோட்டின் முனையில் ஒரு சிறிய விளக்கு இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைக் காட்டுகிறது. போனில் செல்ஃபி கேமராவைத் திறந்து அதன் முன்னே ரிமோட்டை அழுத்திப் பாருங்கள்; ஊதாவாக மின்னுவது பெரும்பாலும் தெரியும். மின்னவில்லை என்றால் பேட்டரியையோ ரிமோட்டையோ மாற்ற வேண்டும். டிவியில் கோளாறு இல்லை. இந்த ஒரு சோதனை தெரிந்தாலே பாதி அலைச்சல் மிச்சம்.

பரவலாகப் பயன்படும் என்.இ.சி. முறையில் அந்த ஒளி நொடிக்கு 38,000 தடவை துடிக்கிறது. முதலில் 9 மில்லிநொடி நீளத்துக்கு ஒரு துடிப்பு, ‘கவனி’ என்று சொல்வதுபோல. 4.5 மில்லிநொடி மௌனம். பிறகு 32 சிறு துடிப்புகள். எல்லாத் துடிப்பும் ஒரே நீளம்; நடுவிலுள்ள இடைவெளிதான் மாறும். குறுகிய இடைவெளி என்றால் 0, நீண்டது என்றால் 1. கலாக்ஷேத்ராவில் தட்டடவு பழகும் சிறுமிக்கு இது உடனே புரியும். தட்டுக்கழியின் அடி ஒன்றுதான். அடிகளுக்கு நடுவே விடும் காலம்தான் கணக்கு. இந்த 32இல் முதல் பகுதி, செய்தி எந்தக் கருவிக்கு என்று சொல்கிறது. அடுத்த பகுதி, அது என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறது. இரண்டும் பிழை நேராதிருக்க ஒருமுறை நேராகவும் ஒருமுறை தலைகீழாகவும் போகின்றன. பிலிப்ஸ் முறையில் துடிப்பு நொடிக்கு 36,000, சோனியில் 40,000, வரிசையும் வேறு. ஒன்றின் ரிமோட் இன்னொன்றுக்கு வேலை செய்யாததற்குக் காரணம் இவ்வளவுதான். பூட்டு ஒன்றும் இல்லை. கடிதத்தின் முகவரியும் மொழியும் வேறு.

இந்த மொழிகள் எல்லாவற்றையும் ஒரே கருவிக்குள் வைத்தால் அதுதான் யுனிவர்சல் ரிமோட். ஆப்பிள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வோஸ்னியாக், 1987இல் ‘கோர்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தார். மற்ற ரிமோட்டுகளின் துடிப்பைக் கேட்டு மனப்பாடம் செய்துகொள்ளும் கருவி அது. அன்று விலை அதிகம், பயன்படுத்துவதும் கடினம். இன்று அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் யுனிவர்சல் ரிமோட்டுகள் கொத்துக்கொத்தாகத் தொங்குகின்றன. கூடவே கண்ணுக்கு எட்டாத எழுத்தில், ஆங்கிலத்தில் மட்டும், கம்பெனிப் பெயரும் எண்ணும் அச்சடித்த ஒரு தாள். இந்தத் தாளைத்தான் வீட்டில் ‘அவருக்குத்தான் தெரியும்’ என்று எடுத்து வைக்கிறோம்.

செய்முறை இதுதான். டிவியைப் போட்டு வையுங்கள். யுனிவர்சல் ரிமோட்டில் ‘செட்’ பொத்தானை, சிவப்பு விளக்கு அணையாமல் நிற்கும்வரை அழுத்திப் பிடியுங்கள். தாளில் உங்கள் டிவி கம்பெனிக்கு நேராக உள்ள எண்ணைப் போடுங்கள். சத்தம் கூடிக் குறைந்தால் முடிந்தது. இல்லையென்றால் அடுத்த எண். தாள் தொலைந்திருந்தால், பல ரிமோட்டுகளில் தானாகத் தேடும் வசதி உண்டு. அது எண்களை ஒவ்வொன்றாக அனுப்பிக்கொண்டே போகும்; டிவி பதில் சொன்ன கணத்தில் ஒரு பொத்தானை அழுத்தி நிறுத்த வேண்டும்.

செட்டாப் பாக்ஸ் ரிமோட்டுகள் பலவற்றில் ஒரு கட்டத்துக்குள் நான்கைந்து பொத்தான்கள் தனியாக இருக்கும். அவை டிவிக்கானவை, கற்றுக்கொள்ளக் கூடியவை. ‘செட்’டை அழுத்திப் பிடித்து, கற்பிக்க வேண்டிய பொத்தானைத் தொடுங்கள். இரண்டு ரிமோட்டையும் முனைக்கு முனை, இரண்டு விரல்கடை தூரத்தில் வைத்து, டிவி ரிமோட்டில் அதே வேலைக்கான பொத்தானை அழுத்துங்கள். விளக்கு சிமிட்டினால் கற்றுக்கொண்டது என்று பொருள். கம்பெனிக்குக் கம்பெனி வரிசை சற்று மாறும். ஐந்து நிமிட வேலை. இனி ஒரே ரிமோட் போதும். இட்லி மாவுக்கு உளுந்தும் அரிசியும் என்ன விகிதம், குளிர்காலத்தில் எவ்வளவு நேரம் கூடுதலாகப் புளிக்க வைப்பது என்று கணக்குப் போடும் மூளைக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

இதற்குப் ‘புரோகிராம் செய்வது’ என்று பெயர். அந்தச் சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் 1946இல் வெளியுலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் கணினியைப் புரோகிராம் செய்தவர்கள் ஆறு பெண்கள். கே மெக்னல்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான் பிலாஸ், ரூத் லிக்டர்மேன். கருவியைக் கட்டுவது ஆணின் சாதனை, அதற்கு வேலை சொல்லிக்கொடுப்பது எழுத்தர் வேலை என்று அன்று நினைத்ததால் அது பெண்களுக்குக் கிடைத்தது. பிற்காலத்தில் அதே வேலைக்கு மதிப்பும் சம்பளமும் கூடியபோது அது ஆண்களின் திறமையாக மாறியது. ஒரு வேலை எளிதா கடினமா என்பதை வேலை மட்டும் தீர்மானிப்பதில்லை. அதை யார் செய்கிறார்கள் என்பதும் தீர்மானிக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை வேண்டும். ஆன் கிரே சந்தித்த பெண்களில் சிலர், ரெக்கார்டரை இயக்கக் கற்றுக்கொள்ளாததற்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். கற்றுக்கொண்டால் அதுவும் நம் தலையில் விழும் என்பதே அது. கிரே இதைக் கணக்குப் போட்டுக் காக்கும் அறியாமை என்று புரிந்துகொண்டார். நமக்கும் இது புதிதல்ல. மின்கட்டணம் கட்டத் தெரிந்தவள்தான் எப்போதும் கட்டுகிறாள். ஸ்கூட்டர் ஓட்டத் தெரிந்தவள்தான் பள்ளிக்கும் கடைக்கும் போகிறாள். ஆகவே ‘பெண்களே, கற்றுக்கொள்ளுங்கள்’ என்று மட்டும் சொல்லி நிறுத்துவது நேர்மையாகாது. சாய்ந்து உட்கார நேரம் இல்லாதவளிடம் ரிமோட்டைக் கொடுப்பது, பசி இல்லாத நேரத்தில் இலை போடுவது போலத்தான். ஒன்பது மணிக்குப் பாத்திரம் கழுவுவது யார் என்ற கேள்வியோடு சேர்த்தே ரிமோட்டைப் பற்றிப் பேச வேண்டும்.

ஆனால் அறியாமைக்கும் விலை உண்டு. முதுமையில் அது வட்டியோடு வந்து நிற்கும். கணவர் இறந்த வீட்டில், டிவி ஓடாத மாலைகளில் அந்த விலை தெரியும். இப்போது அகச்சிவப்பு ரிமோட்டுகளே மெல்லப் பின்வாங்குகின்றன. ஸ்மார்ட் டிவிகள் பலவற்றின் ரிமோட் புளூடூத்தில் பேசுகிறது. நிகழ்ச்சி பார்க்கக் கணக்கு வேண்டும், கடவுச்சொல் வேண்டும், போனுக்கு வரும் ஓடிபி வேண்டும். மரப்பெட்டியின் சாவி ரிமோட்டானது, ரிமோட் கடவுச்சொல்லாகிறது. அந்த ஓடிபி யார் போனுக்கு வருகிறது? நம்மில் பலருக்குக் கணவரின் அல்லது மகனின் எண்ணுக்கு.

அரசு பெண்ணின் பெயரில் டிவி கொடுத்தபோது ரிமோட்டைப் பற்றி யோசிக்கவில்லை. அதை இனி நாம்தான் யோசிக்க வேண்டும். அடுத்த முறை கேபிள்காரத் தம்பி வந்து ‘சார்’ எங்கே என்று கேட்டால், “எங்கிட்டயே காமிங்க தம்பி” என்று கை நீட்டுங்கள். காட்டி முடித்ததும், பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் ஆன்ட்டிக்கும் ஒருமுறை சொல்லிக்கொடுங்கள். அதற்கு ஐந்து நிமிடம் போதும்.