மாசிக்காய் காட்டிய படம்

குழந்தைகளுக்கு உரைமருந்து தர நம் தோட்டத்துப் பாட்டிமார் மாசிக்காய் உரைத்ததை நாம் கண்டிருக்கிறோம். மலாய் மக்கள் அதை மஞ்சக்கானி என்பர். அக்காயின் துவர்ப்பிலிருந்து கிடைக்கும் காலிக் அமிலம், புகைப்படத்தைத் துலக்கிய தொடக்ககால மருந்தாகும்.

ஒளிபட்ட வெள்ளி உப்புத் தாளில் உருவம் மறைந்தே இருக்கும். காலிக் அமிலம் அவ்வுப்பைக் கரிய வெள்ளியாக்கி, உருவத்தை வெளிக்கொணரும். 1841இல் இங்கிலாந்தின் டால்பட் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1858இல் கேப்டன் லின்னேயஸ் டிரைப், மதுரை, தஞ்சைக் கோயில்களை மெழுகுத்தாள் நெகடிவ்களில் எடுத்தார். அத்தகைய தாள்கள் இவ்வமிலத்தில் மணிக்கணக்காக ஊறின.

1880இல் ஹைட்ரோகுயினோனும் 1891இல் மெட்டோலும் வந்தன; அவற்றுக்கு நிமிடங்களே போதுமாயின.

டிரைப்பின் படங்கள் இன்று வரலாற்றுச் சான்றுகள். ஜொகூர்த் தோட்ட லயங்களில் எடுத்த நம் முன்னோரின் கறுப்புவெள்ளைப் படங்களும் அவ்வாறே. பெயர் தெரியாத படம் பாதிச் சான்றே. பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, படத்தின் பின்புறம் பென்சிலால் பெயரும் ஆண்டும் எழுதி வைப்போம்.